ஆண் என்று எழுதப்பட்ட மரம்

பண்ணையில் எல்லோரும் அவளை பிரஷ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மகரந்தம் தடவுகிற மெல்லிய பிரஷ் ஒன்றை எப்போதும் கொண்டையில் செருகி வைத்திருப்பாள். பஸ்ஸில் போகும்போதும் அது தலையிலேயே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஏதோ புது மாதிரி நகை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அது ஒரு மர ஆராய்ச்சி நிறுவனம். நான் அங்கே அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். பாப்ளர், வில்லோ என்ற இரண்டு மரங்கள்தான் எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டன. பன்னிரண்டு நாடுகள் சேர்ந்து இந்த மரங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. ஒரு நாடு நல்ல ரகம் ஒன்றை உருவாக்கினால், அதன் குச்சிகளை மற்ற பதினொரு நாடுகளுக்கும் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த மரங்களுக்கு விதை தேவையில்லை. ஒரு சாண் குச்சியை ஈர மண்ணில் குத்தினால் போதும், எந்த மரத்தில் வெட்டினோமோ அச்சு அசலாக அதே மரம் எழுந்து நிற்கும்.

ஒரே ஒரு சங்கடம் உண்டு. இவற்றில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம் வெயில் காலம் தொடங்கும்போது பஞ்சாய் உதிர்க்கும். காட்டில் என்றால் யாருக்கும் கவலையில்லை. ஊருக்குள் என்றால் தும்மலும் திட்டும்தான். அதனால் தெருவில் நட எல்லோரும் ஆண் மரம்தான் கேட்பார்கள். எது ஆண், எது பெண் என்று மரம் பூக்கும்வரை சொல்ல அந்தக் காலத்தில் வழியில்லை. விதையிலிருந்து வந்த மரம் பூப்பதற்கு எட்டு, ஒன்பது வருஷம் ஆகிவிடும்.

அக்காவின் வேலை கலப்பு செய்வது. குளிர் முடிகிற சமயம் மொட்டு வைத்த கிளைகளை வெட்டி, கண்ணாடிக் கூடத்தில் வாளித் தண்ணீரில் நிறுத்துவாள். ஆண் கிளையிலிருந்து மஞ்சள் பொடியாக விழும் மகரந்தத்தைக் காகிதத்தில் சேர்த்து, பெண் கிளையின் பூவில் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைப்பாள். பிறகு பூவுக்கு உறை மாட்டி, விதை முற்றும்வரை நாள்தோறும் தண்ணீர் மாற்றுவாள். முற்றிய விதை நாலு நாள் தாங்காது. உடனே விதைத்தாக வேண்டும். ஒரு வருஷம் இரண்டாயிரம் கன்று எழுந்தால் அதில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் இலைத் துரு நோயில் போகும். மிச்சத்தில் கோணலை, சோம்பேறியை எல்லாம் பிடுங்கி எறிவாள். அப்படி ஒன்பது வருஷம் வடிகட்டியதில் ஒரே ஒரு மரம் நின்றது. கன்றுப் பட்டியலில் அதன் எண் அறுபத்தேழு. தூண் மாதிரி நேராக, துருப் பொட்டு ஒன்றுகூட இல்லாமல், பக்கத்து மரத்தைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் வளர்ந்தது. ஒன்பது வருஷத்தின் ஒவ்வொரு வார அளவையும் அக்கா தன் கையால் பதினாலு குறிப்பேடுகளில் எழுதியிருந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, "நோட்டெல்லாம் குடும்மா, சுத்தமா ஒரு படி எடுத்து வெச்சிடலாம்" என்றார். அவர் தேன் ஒழுகப் பேசுகிறவர். பெரிய பேச்சாளர். மண்ணில் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. மழை நாளில் அவருடைய ஷூவைப் பார்த்துத் தோட்டக்காரர்கள், "காலா, கண்ணாடியா?" என்று சிரிப்பார்கள். அக்கா நம்பி, பதினாலையும் துணியில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் அதைத் தூக்கிக்கொண்டு கூட்டமைப்பின் மாநாட்டுக்குப் போனார். போவதற்கு முன் என்னிடம் ஒரு பதிவுப் படிவம் தட்டக் கொடுத்தார். ரகத்தின் பெயர் என்ற இடத்தில் அவருடைய சொந்தப் பெயரை எழுதியிருந்தார். உருவாக்கியவர் என்ற இடத்திலும் அவர் பெயர்தான். பாலினம் என்ற இடத்தில் ‘ஆண்’. நான் தட்டினேன். என் வேலை தட்டுவது. அக்காவின் பெயர் எங்கே என்று கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை. அது இன்றைக்கும் எனக்குள் உறுத்துகிறது.

மாநாடு முடிந்து அவர் திரும்பி வந்த அதே காலையில் அக்கா ஏணி வைத்து அறுபத்தேழாம் எண் மரத்தின் மேல் ஏறியிருந்தாள். உச்சிக் கிளையில் மூன்றே மூன்று பூங்கொத்துகள் தொங்கின. மரம் முதல்முறையாகப் பூத்திருந்தது. ஆண் பூ என்றால் சிவந்து தடித்திருக்கும். இவை பச்சையாக, சின்னச் சின்ன மணி கோத்த மாதிரி இருந்தன. பெண். மூன்றையும் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இயக்குநரிடம் சொல்லலாம் என்று சந்தோஷமாக அலுவலகத்துக்கு வந்தாள்.

அலுவலகத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் பெரிய சான்றிதழ், அதில் இயக்குநரின் பெயரும் ‘ஆண்’ என்ற சொல்லும். மேஜை மேல் பளபளவென்று ஒரு புத்தகம். அதன் அட்டையில் கண்ணாடிக் கூடத்தில் எடுத்த படம். கிளை இருந்தது, பூ இருந்தது, பிரஷ் பிடித்த கை இருந்தது. முகத்தை வெட்டியிருந்தார்கள். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். கட்டை விரலில் கத்தி வெட்டிய பழைய தழும்புகூடப் படத்தில் அப்படியே இருந்தது.

"சார், இது என் மரம்" என்றாள்.

இயக்குநர் வாயில் வைத்த கேக்கை விழுங்காமலே சிரித்தார். "உன் மரம்தாம்மா, யாரு இல்லைன்னா? நம்ம எல்லாரோட மரம்."

"என் பேரு எங்க சார்?"

"தொழிலாளி பேரு போட படிவத்துல இடம் கிடையாதும்மா. நீ தண்ணி மாத்தின, நல்லாத்தான் மாத்தின. கலப்பு பண்ணது நிறுவனம். புரியுதா?"

நாலு பேர் சிரித்தார்கள். அதற்கப்புறம் பண்ணையில் யாராவது ஒரு வேலையைச் செய்துவிட்டுப் பெருமை பேசினால், "போ, நீ தண்ணி மாத்தின" என்று கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. அக்காவின் காதில் விழும்படியே சொல்வார்கள்.

அன்று அவள் பையிலிருந்த பூவை வெளியே எடுக்கவில்லை. நேரே கழிப்பறைக்குப் போய், மூன்றையும் உள்ளே போட்டுத் தண்ணீர் விட்டு அடித்துவிட்டாள். ஒரு வாரத்தில் அவளைக் கண்ணாடிக் கூடத்திலிருந்து எடுத்துக் குச்சி கட்டும் கொட்டகைக்கு மாற்றினார்கள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர், சாது. "விடு. மரத்துக்கு எவன் பேரு வெச்சா என்ன? நிழல் ஒண்ணுதானே" என்றார், ஆறுதலாகத்தான். அக்கா நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் தட்டை வைக்கும்போது, "உங்க பஸ்ஸை நான்தான் ஓட்டினேன்னு எவனாவது சொன்னா நீங்க சிரிச்சிக்கிட்டு இறங்கிடுவீங்களா?" என்று கேட்டாள். அவர் அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எல்லோரும் அக்கா சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தார்கள். நானும்தான். அவள் கறுவிக்கொண்டிருந்தாள்.

முதலில் அவள் செய்தது இது. ஆறு மாதம் கழித்து இயக்குநர் அறைக்கே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சார், பன்னண்டு நாட்டுக்கும் குச்சி பத்தாது. மூல மரத்தை அடியோட வெட்டிட்டா கட்டையிலிருந்து நூறு தளிர் வரும். வருஷா வருஷம் வெட்டிக்கிட்டே இருக்கலாம்" என்றாள். அவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, பெரிய மனசு" என்று என்னிடம் சொன்னார். அக்கா தானே ரம்பம் எடுத்து, ஒன்பது வருஷம் வளர்த்த மரத்தை முழங்கால் உயரத்தில் அறுத்துத் தள்ளினாள். யாரையும் கை வைக்க விடவில்லை. வருஷா வருஷம் வெட்டுப்படுகிற கட்டை பூக்காது. அது அவளுக்குத் தெரியும். மண்ணில் கால் வைக்காத மனிதருக்குத் தெரியாது.

அப்புறம் குச்சிகள் கிளம்பின. அக்காவே ஈரப் பாசியில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, இயக்குநர் பெயர் போட்ட சீட்டை ஒவ்வொரு கட்டிலும் கட்டினாள். பதினோரு பெட்டிகள். அவற்றில் நாலாம் பெட்டி போகிற நாட்டில், நாற்றுப் பண்ணைப் பொறுப்பாளராக ஒரு பெண் இருந்தாள். நேரில் பார்த்ததில்லை, பெட்டிக்குள் துண்டுக் காகிதம் வைத்துப் பல வருஷமாக இருவரும் பழகியிருந்தார்கள். அந்தக் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது நான். அவளுடைய வில்லோக் குச்சிகள் இங்கே வரும், அக்காவின் பாப்ளர் அங்கே போகும். குச்சிகளுக்கு நடுவே மகனின் பள்ளிக்கூடம், மூட்டு வலி, மேலதிகாரியின் கிறுக்குத்தனம் எல்லாம் போகும், வரும். அக்காவுக்கு அவளை நாலாம் பெட்டிக்காரி என்றுதான் சொல்லத் தெரியும்.

அடுத்த வருஷம் நாலாம் பெட்டிக்காரியின் காகிதம் ஒன்று வந்தது. ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை நெடுகத் தொள்ளாயிரம் மரம் நடப் போகிறோம். நான்தான் இந்த ரகத்தைச் சிபாரிசு செய்தேன். இது ஆண் மரம்தானே? படிவம் இருக்கட்டும், நீ சொன்னால் எனக்கு நிம்மதி.’

நான் படித்துச் சொன்னேன். அக்கா கொட்டகை வாசலில் பாசியைப் பிழிந்துகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பிழிந்தாள்.

"படிவத்துல உள்ளபடியேன்னு எழுது."

"ஏன்க்கா சுத்தி வளைக்கணும்? ஆமான்னு எழுதிட்டா போச்சு."

"பொய் எழுதச் சொல்றியா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்கா மூன்று பூவையும் பற்றிச் சொன்னாள். "அந்தாளு பேரு மரத்துல இருக்கில்ல. இருக்கட்டும். நல்லா வேர் பிடிக்கட்டும். பதினோரு நாட்டுலயும் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லித் திட்டணும். பேருதானே கேட்டாரு."

"இந்தம்மா என்னக்கா பண்ணாங்க?"

அக்கா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பெட்டியை மூடினாள். நான் அவள் சொன்னபடியே எழுதினேன். ‘ஆண்’ என்று தட்டியதும் இதே விரல்கள்தான் என்பதால், யாரிடமும் மூச்சு விடவில்லை.

இயக்குநர் நிறுவன வாசலிலிருந்து கட்டடம்வரை இருபுறமும் அதே மரத்தை நட்டு, முகப்பில் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார். அக்கா அந்த மரங்களுக்கு மட்டும் தனியாக உரம் வைப்பாள். "பாருங்க, விசுவாசம்" என்று அவர் விருந்தாளிகளிடம் காட்டுவார். மதியம் சாப்பிட்ட கையோடு அக்கா அந்த வரிசையில் ஒரு நடை நடந்து, ஒவ்வொரு அடிமரத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு வருவாள். சூல் கொண்ட பசுவைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

ஏழு வருஷம் போனது. வெளிநாடுகளிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஒரு நாட்டில் பள்ளிக்கூடத்தை நாலு நாள் மூடினார்களாம். இன்னொரு நாட்டில் பஞ்சுக்கு இயக்குநர் பெயரையே வைத்துவிட்டார்களாம். ‘ஜன்னலைச் சாத்து, அவர் உள்ளே வருகிறார்’ என்று வீட்டில் சொல்கிறார்களாம். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்ன அன்று அக்கா சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாசிக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். இயக்குநரோ எல்லாக் கடிதத்துக்கும் ஒரே பதில்தான் அனுப்பினார்: அது பக்கத்து மரத்துப் பஞ்சாக இருக்கும்.

அதற்கடுத்த வருஷம் கூட்டமைப்பின் மாநாடு எங்கள் நிறுவனத்திலேயே நடந்தது. தேதி குறித்தவர் இயக்குநர். வெயில் தொடங்கும் சமயம், மரமெல்லாம் இலை விட்டு அழகாக இருக்கும் என்று அவரே தேர்ந்தெடுத்தார்.

எங்கள் வாசல் வரிசை அந்த வருஷம்தான் முதல்முறையாகப் பூத்திருந்தது; மாநாட்டுக்கு முந்தின நாள் காய் வெடித்தது. மறுநாள் காலையில் நான் போனபோது வாசலிலிருந்து கட்டடம்வரை வெள்ளையாகக் கிடந்தது. விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கூடத்தில் புழுக்கம் தாங்காமல் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். இயக்குநர் வரவேற்புரை தொடங்கி, தன் பெயர் தாங்கிய மரத்தைப் பற்றிப் பேசும்போது பஞ்சு அவர் வாய்க்குள்ளேயே போனது. துப்பினார். இருமினார். தண்ணீர் குடித்தார். பின்வரிசையில் தேநீர்க் கோப்பை அடுக்கிக்கொண்டு நின்ற அக்கா, ஒரு கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வரிசையில் நரைத்த முடியோடு ஒரு பெண்மணி எழுந்தாள். "இது ஆணா, பெண்ணா?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியின் காற்றுக் குழாயெல்லாம் பஞ்சு அடைத்ததையும், தொள்ளாயிரம் மரத்தையும் வெட்டச் சொல்லி உத்தரவு வந்ததையும், ஒவ்வொரு மரம் விழும்போதும் தன்னைப் பக்கத்தில் நிற்கவைத்ததையும் அவள் குரல் உயராமல் சொல்லச் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். நாலாம் பெட்டிக்காரி. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த கோப்பையை அப்போதுதான் கீழே வைத்தாள்.

இயக்குநருக்கு வியர்த்தது. தப்பிக்க ஒரு வழி தேடினார். கிடைத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "குத்தம் களப் பணியாளர்களோடது. அவங்க எழுதிக் கொடுத்ததை நம்பிட்டேன். இந்தப் பொம்பளைதான்" என்று அக்காவைக் கை காட்டினார். "நோட்டுப் புத்தகம் எல்லாம் இருக்கு. ஒன்பது வருஷமும் இவ கையெழுத்துதான். கொண்டு வாங்க அதை!"

பதினாலு குறிப்பேடுகளும் அவர் அலமாரியிலிருந்து மேஜைக்கு வந்தன. தலைமை வகித்த எங்கள் நாட்டு முதியவர் நிதானமாகப் புரட்டினார். கலப்பு செய்த நாள், எந்த ஆண், எந்தப் பெண், எத்தனை விதை, எந்தக் கன்று ஏன் தள்ளப்பட்டது என்று எல்லாம் ஒரே கையெழுத்தில் இருந்தன. கடைசிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பாலினம் என்ற கட்டத்தில், ‘இன்னும் பூக்கவில்லை, தெரியாது’ என்று எழுதியிருந்தது.

"அப்ப ஆண்னு எழுதினது யாரு?" என்றார் முதியவர்.

இயக்குநர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"இதுல உங்க கையெழுத்து ஒரு வரிகூட இல்லையே. அப்ப மரத்தை உருவாக்கினதும் யாரு?"

அக்காவை முன்னால் கூப்பிட்டார்கள். அவள் இயக்குநர் பக்கமாகத் திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "நான் தண்ணி மாத்தினேன் சார். வேற ஒண்ணும் பண்ணலை" என்றாள். எங்கள் ஆட்கள் இருந்த வரிசையில் ஒருவன் பக்கென்று சிரித்தான். அப்புறம் அடக்கவே முடியவில்லை. இயக்குநர் தலையில் பஞ்சோடு வெளியே போனார். அந்த மாதமே வேலையை விட்டார்.

பதிவேட்டில் உருவாக்கியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் ஏறியது. பூவைக் கண்ணால் பார்க்காமல் பாலினம் எழுதக்கூடாது என்று புது விதியும் வந்தது. ரகத்தின் பெயரை மட்டும் மாற்ற முடியாது என்றார்கள். ஒருமுறை பதிவானால் பதிவானதுதானாம். அதைக் கேட்டு அக்காவுக்கு இருந்த நிறைவு, தன் பெயர் ஏறியதில்கூட இல்லை.

மாநாட்டுச் சாப்பாட்டு இடைவேளையில் நாலாம் பெட்டிக்காரி கொட்டகைக்கு வந்தாள். நான்தான் நடுவில் நின்று சொன்னேன். முதலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு நியாயம் கிடைச்சது" என்றாள். அப்புறம், "உனக்கு எப்ப தெரியும்?" என்றாள்.

தெரியாது என்று அக்கா சொல்லியிருக்கலாம். "முதல்லயே" என்றாள்.

"நான் கேட்டேனே."

"கேட்டீங்க."

நாலாம் பெட்டிக்காரி கையை விட்டாள். கோபப்படவில்லை, அழவில்லை. கட்டிவைத்திருந்த பெட்டிகளை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள். அதன்பிறகு வில்லோக் குச்சிகள் வருஷா வருஷம் சரியாக வந்தன. உள்ளே காகிதம் வந்ததே இல்லை. அக்கா ஒவ்வொரு பெட்டியையும் தானே பிரித்து, பாசியை உதறி உதறித் தேடுவாள்.

அக்கா ஓய்வு பெற்ற வருஷம், அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒருநாள் கேட்டேன். "அந்தம்மாவுக்கு மட்டுமாவது உண்மையை எழுதியிருக்கலாமேக்கா?"

"எழுதியிருக்கலாம்" என்றாள். முறத்தில் இருந்த பயறில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"இல்லடி. எழுதியிருக்க மாட்டேன். எழுதியிருந்தா அவ நல்லவ, எல்லாருக்கும் சொல்லியிருப்பா. அந்தாளு தப்பிச்சிருப்பான்."

மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள்.